மூன்று வார்த்தை தூரம்

"லாரி சடார்னு குறுக்க வந்துடுச்சுங்க" என்று சாட்சி சொல்லி முடித்து எச்சில் விழுங்குகிறார். மேசைக்கு அடியில் ஸ்டெனோ அம்மாவின் வலது கால் செருப்பிலிருந்து நழுவி வெளியே வந்து தரையை ஓங்கி அழுத்துகிறது. மேசைக்கு மேலே ஒன்றும் நடக்கவில்லை. பென்சில் ஓடுகிறது, முகம் சுவர் மாதிரி இருக்கிறது. கால் மட்டும் பிரேக் போட்டு, லாரி நின்றதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, மெல்லச் செருப்புக்குள் திரும்பிப் போகிறது.

விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை மட்டும் விசாரிக்கிற கோர்ட் இது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகளாவது இங்கே மோதிக்கொள்ளும். சைக்கிள் சறுக்கும், வேன் கவிழும், நாய் குறுக்கே ஓடும். அத்தனைக்கும் அம்மா கீழே பிரேக் போட்டுக்கொண்டே மேலே எழுதுகிறார். பக்கத்து நாற்காலிக் குமாஸ்தா ஒருவருக்குத்தான் இந்தச் சங்கதி தெரியும். "இன்னிக்கு எத்தனை பேரைக் காப்பாத்துனீங்க?" என்று சாப்பாட்டு வேளையில் கேட்பார். அம்மா டப்பாவைத் திறந்தபடி, "ஒருத்தரையும் இல்ல சார். எல்லாரும் இடிச்சு முடிச்சுட்டுத்தானே இங்க வர்றாங்க" என்பார்.

வயது நாற்பத்தைந்து. அதில் இருபத்துமூன்று வருஷம் இந்த ஒரே மேசை. அடுத்தவர் வாயிலிருந்து வருவதைச் சுருக்கெழுத்தில் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் டைப் அடித்துக் கொடுப்பது வேலை. ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, வலது நடுவிரலில் பென்சில் உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்துப்போன ஒரு சின்ன மேடு. தினமும் காலையில் ஆறு பென்சில்களைச் சீவி, முனைகள் ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசையாக வைப்பார். ஏழாவது பென்சில் தேவைப்பட்டதே இல்லை. யாரிடமும் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்டதும் இல்லை. தாடை உடைந்த சாட்சி பேசினாலும் சரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வக்கீல் பேசினாலும் சரி, அம்மாவின் நோட்டில் ஓர் எழுத்து விட்டுப்போகாது. நீதிபதி ஐயாவே தாம் சொன்னது தமக்கு மறந்துபோனால் அம்மாவைத்தான் பார்ப்பார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பேசுகிறவர் கூடவே ஓடினால் எழுத முடியாது, அவருக்கு மூன்று வார்த்தை பின்னால் நிற்க வேண்டும். காது முன்னே போகும், கை பின்னே வரும், இடையில் மூன்று வார்த்தைகளைத் தலையில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவருக்கு அதற்கு மேலும் ஒரு கஷ்டம். தமிழில் எந்த வாக்கியமும் கடைசி வார்த்தை வரும்வரை தன் மனதைத் திறந்து காட்டாது. "அந்த வண்டியை அன்னிக்குச் சாயந்திரம் நான் அந்த முனையில பார்க்க" என்பது வரைக்கும் ஆள் பார்த்தாரா இல்லையா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு வருகிற ஒரு சின்ன "இல்ல"யில் கேஸ் தலைகீழாகிவிடும். "வால் வர்ற வரைக்கும் அவசரப்படக் கூடாது" என்பார் அம்மா. வாக்கியத்தின் கடைசி வார்த்தைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் வால்.

இருபத்துமூன்று வருஷப் பழக்கம் கோர்ட்டோடு நிற்குமா? எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அம்மா சிரிப்பார். போனை எடுத்தால் எதிர்முனைக்காரர் இரண்டு "ஹலோ" சொன்ன பிறகே இவருடைய முதல் "ஹலோ" வரும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "வீடு பத்திக்கிச்சுன்னு இவகிட்ட சொல்லிப் பாருங்களேன். பத்திக்கிச்சா, பத்திக்கலையான்னு நின்னு கேட்டுட்டுத்தான் வெளிய வருவா."

இப்பேர்ப்பட்டவருக்கு வந்திருக்கும் ஆசை, பஸ் ஓட்ட வேண்டும் என்பது.

சரியாகத்தான் படித்தீர்கள். ஐம்பது பேர் உட்காரும் நகரப் பேருந்து.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. அம்மா வழக்கமாகப் பிடிக்கும் பஸ்ஸில் வழக்கமான ஒற்றை இருக்கை, டிரைவருக்குப் பக்கவாட்டில், முன் கண்ணாடி முழுசாகத் தெரிகிற இடம். அன்றைக்கு ஓட்டியவர் ஒரு பெண். கிட்டத்தட்ட அம்மாவின் வயதுதான் இருக்கும். சிக்னலில் நின்றபோது மடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி கடித்தார், பச்சை விழுந்ததும் மீதியைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டுக் கியர் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கை அவசரமே இல்லாமல் போனதும், அத்தனை பெரிய வண்டி அந்தக் கைக்கு எழுந்து நகர்ந்ததும், தெரு முழுக்க அந்தப் பெண்ணை நோக்கி வந்து இரண்டாகப் பிரிந்து வழிவிட்டதும் அம்மாவின் நெஞ்சில் எதையோ பிடுங்கின. கோர்ட் நிறுத்தம் வந்தது, போனது. அம்மா இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போனார். எல்லோரும் இறங்கிப் போன பிறகு அந்தப் பெண் திரும்பி, "இறங்கலையாம்மா?" என்றார். அம்மா அவசரமாக எழுந்து இறங்கினார். தன் இத்தனை வருஷ வேலையில் முதல்தடவையாக அன்றைக்குத் தாமதமாகப் போனார்.

அன்றிலிருந்து ஏக்கம் பிடித்துக்கொண்டது. வேறு சொல் இல்லை, ஏக்கம்தான். பஸ் திருப்பத்தில் வளையும்போது இவருடைய தோள் வளையும். டிப்போ வாசலைத் தாண்டும்போது உள்ளே வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பார்க்காமல் இருக்க முயன்று தோற்றுப்போவார். குமாஸ்தா ஒருநாள் கேட்டே விட்டார். "தினம் இத்தனை விபத்தைக் கேட்டு எழுதுறீங்க. பயம் வரணும், ஆசை எப்படிம்மா வருது?" அம்மா வழக்கம்போல் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் சொன்னார். "இடிச்ச பஸ்ஸு மட்டும்தானே சார் இங்க வருது? எல்லாரையும் ஒழுங்கா வீட்டுல கொண்டுபோய் விட்ட பஸ்ஸைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தராவது கூண்டுல ஏறிச் சொல்லியிருக்காங்களா?"

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்பதற்கு அம்மா சொந்தமாக ஒரு குறி வைத்திருக்கிறார், தூண்டில் முள் மாதிரி ஒரே இழுப்பு. ஒவ்வொரு வழக்கிலும் அது வரும் என்பதால் கை வலிக்காமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. எத்தனையோ ஆயிரம் டிரைவர்கள் அந்த முள்ளில் மாட்டிப் போயிருக்கிறார்கள். இப்போதெல்லாம் அதை எழுதும்போது அவருக்கு மனம் கூசுகிறது.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் பஸ். அண்டாவின் பித்தளை மூடிதான் ஸ்டீயரிங், இரண்டு கையையும் அகட்டிப் பிடிக்க அதைவிடப் பொருத்தமான அளவில் அந்த வீட்டில் வேறு சாமான் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். "அம்மா, என் ஸ்டாப் போயிடுச்சு. நீ அடுத்த தெருவுல நிறுத்துற. நான் எப்படி நடந்து வர்றது?" என்று கத்துவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் கடையிலிருந்து பழைய எழுத்து அட்டையைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லிப் பார்வையைச் சோதிப்பார். அம்மாவுக்கு அட்டை மனப்பாடம் ஆகிவிட்டதால் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் என்று மாற்றி மாற்றிக் கேட்பார்.

அதற்காக அவருக்குச் சம்மதம் என்று நினைத்துவிட வேண்டாம். "வெயில், புகை, கத்துற ஜனம், எதுக்கும்மா இதெல்லாம்? இன்னும் பதிமூணு வருஷத்தை அங்கேயே உக்காந்து ஓட்டிடலாமே" என்பார்.

"நானும் உக்காந்து ஓட்டத்தான் கேக்கறேன்" என்பார் அம்மா. இந்த ஒரு பதில் மட்டும் தாமதிக்காமல் வரும்.

பெரிய வண்டிப் பயிற்சி காலை ஆறு மணிக்கு. சொல்லிக்கொடுக்கிறவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வண்டிக்குள் இருக்கும்வரை அம்மா அவரை "சார்" என்பார், படியிலிருந்து கால் தரையில் பட்டதும் "தம்பி". அவருக்கோ உள்ளேயும் வெளியேயும் இவர் "அக்கா"தான். முதல் வாரத்திலேயே அவர் அசந்துபோனார். பஸ்ஸில் டிரைவர் உட்காரும் இடம் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது. தெருமுனையைத் தன் உடம்பு தாண்டிப் போன பிறகே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும். "கார் ஓட்டிப் பழகுனவங்க எல்லாம் இங்க வந்து அவசரப்பட்டு ஒடிப்பாங்க அக்கா. பொறுமையா தாண்டிட்டுத் திருப்புனது நீங்க ஒருத்தர்தான். எங்க கத்துக்கிட்டீங்க?"

"கோர்ட்டுல" என்றார் அம்மா. அன்றைக்கு அவர் நடந்து வீட்டுக்குப் போனார் என்று சொல்ல முடியாது, மிதந்து போனார்.

ஆனால் திருப்பத்துக்கு உதவிய அதே மூன்று வார்த்தை பிரேக்கில் காலை வாரியது. சார் "நிறுத்துங்க" என்பார். அம்மாவின் காது அதை வாங்கும், தலை வைத்துக்கொள்ளும், அதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கும், பிறகே காலுக்குச் செய்தி போகும். முதல் டெஸ்டில் கோட்டைத் தாண்டி அரை பஸ் நீளத்தில் போய் நின்றார். இரண்டாவது டெஸ்டில் நடந்தது இன்னும் அழகு. தேர்வு அதிகாரி சொற்பொழிவுக்காரர் போல் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். "அதோ எதிர்ல வர்ற அந்தத் தண்ணி லாரிக்கு, நீங்க இப்படி ஓரமா ஒதுங்கி, வழியை…" என்று இழுத்தார். விடுங்க என்பாரா, விடாதீங்க என்பாரா? அம்மா வாலுக்காகக் காத்திருந்தார். வால் வருவதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது. இரண்டு வண்டியின் பக்கக் கண்ணாடிகளும் உரசிக்கொண்ட சத்தத்தில் அதிகாரியின் வாக்கியம் முடியாமலேயே போனது.

அன்று சாயந்திரம் அண்டா மூடி அண்டா மேலேயே கிடந்தது. மகள் டம்ளரை எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அம்மா அடுப்படியிலிருந்து வரவில்லை. எட்டிப் பார்த்தால், பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். "எல்லாரும் பேசி முடிக்கட்டும், முடிக்கட்டும்னே பாதி ஆயுசு போச்சுடி" என்றார். அழவில்லை, குரல்தான் எங்கோ போய்விட்டு வந்தது.

பெரிய வண்டிக்கு மாதம் ஒரு தடவைதான் டெஸ்ட். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதியோடு அம்மாவுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அது முடிந்த யாரையும் டிப்போவில் புது டிரைவராக எடுப்பதில்லை. ஆக, மூன்றாவது டெஸ்ட் என்பது கடைசி டெஸ்ட்.

பயிற்சிக்காரருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அக்கா, இனிமே நான் பேச மாட்டேன்" என்றார். "நீங்க என் வாயையே பாத்துட்டு இருக்கீங்க. ரோடு பேசாது. ரோட்டுல நடக்கறதுக்கு முன்னாடி ஒரு அடையாளம் இருக்கும், அதைப் பிடிங்க. ஓரமா நிக்கிற வண்டியைப் பாத்தா அதுக்கு அடியில பாருங்க. அந்தப் பக்கம் யாராவது நின்னா கால் தெரியும். கால் தெரிஞ்சா ஆள் வரப்போறான்னு அர்த்தம். ஆள் வந்தப்புறம் பிரேக் போட்டா கோர்ட்டுக்குத்தான் போகணும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். மூன்று வாரம் அந்த வண்டியில் இன்ஜினைத் தவிர வேறு சத்தம் கிடையாது. சொல்ல ஆளில்லாத அந்த அமைதி அம்மாவை முதலில் கிடுகிடுக்க வைத்தது. யாரும் ஒன்றும் சொல்லாமல் தானே எதையாவது செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவருக்கு நினைவில்லை. மெல்ல மெல்லக் கண்ணுக்கு வேலை வந்தது. நிற்கும் வண்டிகளுக்கு அடியில் கால்கள் தெரிய ஆரம்பித்தன.

மூன்றாவது டெஸ்ட் ஒரு வியாழக்கிழமைக்கு வைத்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு, எழுத்து அட்டையை மாட்ட வந்த கணவர் மேசையில் கிடந்த கோர்ட் நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் தனியாக நாலு வரிக் கோலம் இருந்தது. சுருக்கெழுத்து அவருக்குக் கொக்கியும் புழுவுமாகத்தான் தெரியும்.

"இது என்ன, தீர்ப்பா?"

"ம்… ஒரு மாதிரி தீர்ப்புதான்."

"படி, கேப்போம்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் படிக்கிற அதே குரலில் படித்தார். "ஐயா, இருபத்துமூன்று ஆண்டுகளாகத் தங்கள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்து வரும் நான், இப்பணியிலிருந்து விலகிக்கொள்ள." நிறுத்திவிட்டார்.

"விலகிக்கொள்ள… அப்புறம்?"

"அவ்ளோதான் எழுதியிருக்கேன்."

கணவர் நோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஒன்றும் புரியாது என்று தெரிந்தும். "ஏம்மா, வால் எங்க?"

"அதை அந்த ஆபீசர் சொல்லட்டும். வியாழக்கிழமை அவர் வாயால பாஸுன்னு வரட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

அவர் அட்டையைச் சுவரில் மாட்டினார். இடது கண்ணைப் பொத்தச் சொல்லிவிட்டு, அட்டையில் மிகச் சிறிய வரியைக் காட்டினார். அம்மா படித்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அட்டையைக் கழற்றினார். வீட்டுக்குள் யாரோ ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருந்தது அவருக்கு.

புதன்கிழமை காலை கோர்ட்டில் ஒரு சின்ன வழக்கு. சாலையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், திடீரென்று பிரேக் போட்டதில் விழுந்து கை முறிந்துபோய், டிரைவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். கூண்டில் டிரைவர். நாற்பது வயதிருக்கும், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூண்டின் விளிம்பை ஸ்டீயரிங் மாதிரி பிடித்திருந்தார்.

"வேகமாப் போகலைங்கய்யா" என்று ஆரம்பித்தார். அம்மாவின் பென்சில் மூன்று வார்த்தை பின்னால் கிளம்பியது. "பள்ளிக்கூடம் தாண்டி அந்த வளைவு. மூணாவது கியர்ல வந்துட்டிருக்கேன். இடது ஓரத்துல ஒரு வேன் நிக்குது. ஆள் யாரும் இல்ல. வேனுக்கு அடியில பாத்தா, அந்தப் பக்கம் ரெண்டு சின்னக் காலு…"

அம்மாவின் வலது கால் செருப்பை உதறிவிட்டுத் தரையை அழுத்தியது. மேசை லேசாக ஆடி, வரிசையாக வைத்திருந்த பென்சில்களில் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. கண் நோட்டில் இல்லை. அது வளைவில் இருந்தது, வேனில் இருந்தது, வேனுக்கு அந்தப் பக்கம் இன்னும் வெளியே வராத ஒரு பிள்ளையின்மேல் இருந்தது. டிரைவர் பேசிக்கொண்டே போனார். என்ன சொன்னார், எவ்வளவு சொன்னார், அம்மாவுக்குத் தெரியாது. கடைசியில் அவர் "அப்போதான்யா பிரேக்கைப் போட்டேன்" என்றது மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அவர் போடுவதற்கு வெகு முன்பே அம்மா போட்டுவிட்டிருந்தார்.

நோட்டைப் பார்த்தார். "ரெண்டு சின்ன" என்பதோடு வரி நின்றிருந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத்தாள்.

குமாஸ்தா முதலில் கவனித்தார். பென்சில் நின்றதைப் பார்த்து அவருக்கே வியர்த்தது. அம்மா மெல்லக் கையை உயர்த்தினார். வகுப்பில் கை தூக்குகிற பிள்ளை மாதிரி, பாதி உயரத்துக்கு.

"ஐயா, மன்னிக்கணும். கடைசியா சொன்னதை நான் எழுதல. இன்னொரு தடவை சொல்லச் சொல்லணும்."

வக்கீல்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா தம் கண்ணாடியைக் கழற்றி அம்மாவை ஒருமுறை பார்த்தார், திட்டுவதா விசாரிப்பதா என்று அவருக்கே பிடிபடவில்லை. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார்.

"இல்லைங்கய்யா. நல்லா இருக்கேன்."

ஐயா கூண்டைப் பார்த்து, "முதல்லேருந்து சொல்லுப்பா. அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் டம்ளர் கைமாறிக் கைமாறிக் கூண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா நோட்டைத் திருப்பினார். கடைசிப் பக்கம். நாலு வரி, முடியாமல் நின்ற இடம். தேர்வு அதிகாரி வாய் திறக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. வலது கால் தரையில் அழுத்தியபடியே இருக்க, அம்மா "விலகிக்கொள்ள" என்பதற்குப் பக்கத்தில் பென்சிலை வைத்து, "விரும்புகிறேன்" என்று ஒரு சின்ன வாலை வரைந்தார்.